கோடைக் காலத் தானுந்துக் குளிர்பதனிப் பழுதறிதல்

கோடைக் காலத் தானுந்துக் குளிர்பதனிப் பழுதறிதல் என்பது, கடும் வெயிலில் தானுந்தின் குளிர்பதனி (ஏ.சி.) போதிய குளிர்ச்சி தராதபோது அதற்கான காரணத்தை அளந்து கண்டறியும் முறை ஆகும். குளிர்ச்சி குறைந்தால் "கேஸ் குறைந்துவிட்டது" என முடிவு செய்து குளிர்பதனப் பொருளை நிரப்புவதே பரவலான வழக்கம். ஆனால் குளிர்ச்சிக் குறைவு என்பது ஓர் அறிகுறி மட்டுமே. அதற்குக் குளிர்பதனப் பொருளின் பற்றாக்குறை காரணமாக இருக்கலாம். மெதுவாகச் சுழலும் விசிறி, அழுக்கடைந்த ஒடுக்கி, தேய்ந்த கிளட்ச், மூடாத வெந்நீர்க் கதவு ஆகியவையும் அதே அறிகுறியைத் தரும். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி போன்ற வெப்பமான உள்நாட்டுப் பகுதிகளில் குளிர்பதனி தன் திறனின் எல்லையை ஒட்டியே இயங்குவதால், மற்ற மாதங்களில் தெரியாத சிறு குறைகள் கூட ஏப்ரல், மே மாதங்களில் வெளிப்படுகின்றன.

சமவெளியின் வெப்பமும் குளிர்பதனியும்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 278 மீட்டர் உயரத்தில், வடக்கே நகரமலை, தெற்கே சருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை ஆகியவற்றுக்கு இடையே அமைந்துள்ளது. கிழக்குக் கடற்கரை இங்கிருந்து 150 கிலோமீட்டருக்கும் மேல் தொலைவில் இருப்பதால், பிற்பகலில் சென்னையைத் தணிக்கும் கடற்காற்று இங்கு வந்து சேர்வதில்லை. தெற்கே நாமக்கல், பரமத்தி வேலூர் வழியாகக் காவிரிக் கரை வரை இதே நிலைதான். கத்திரி வெயில் எனப்படும் அக்னி நட்சத்திரம் மே மாதத்தில் வந்தாலும், வெப்பம் அதற்கு முன்பே உச்சத்தை எட்டிவிடுவது உண்டு. 2024 ஏப்ரல் இறுதியில் சேலம், ஈரோடு, கரூர் பரமத்தி ஆகிய இடங்களில் வெப்பநிலை 40 °செ-ஐத் தாண்டிய நாட்கள் அடுத்தடுத்து வந்தன.

இந்த எண் குளிர்பதனிக்கு ஏன் முக்கியமானது என்பதை அதன் இயக்கம் விளக்கும். குளிர்பதனி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளறையின் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. பட்டறைகளில் கம்ப்ரசர் எனப்படும் அமுக்கி, குளிர்பதன ஆவியை அழுத்திச் சூடாக்குகிறது. சூடேறிய ஆவி வண்டியின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள ஒடுக்கியை (கண்டென்சர்) அடைந்து, வெளிக்காற்றிடம் வெப்பத்தை இழந்து நீர்மமாகிறது. நீர்மம் உலர்த்தி வழியாகச் சென்று, விரிவு வால்வின் சிறு துளையில் அழுத்தம் இழந்து, முகப்புப் பலகைக்குப் பின்னால் உள்ள ஆவியாக்கியில் கொதிக்கிறது. பட்டறையினர் கூலிங் காயில் என்று சொல்வது இதைத்தான். அங்கு உள்ளறைக் காற்றின் வெப்பம் உறிஞ்சப்படுகிறது. பின் ஆவி மீண்டும் அமுக்கிக்குத் திரும்புகிறது.

ஒடுக்கி வெப்பத்தைக் கொட்ட வேண்டுமானால், அது வெளிக்காற்றை விடச் சூடாக இருந்தாக வேண்டும். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் இந்த வேறுபாடு 20 °செ அளவில் இருப்பது இயல்பு. வெளியே 30 °செ என்றால் ஒடுக்கி 50 °செ-இல் இயங்கும். வெளியே 40 °செ என்றால் 60 °செ. தார்ச் சாலையின் மேல், பொறியின் அனல் கலந்து, ஒடுக்கிக்குள் புகும் காற்றே 50 °செ-ஐத் தாண்டுவதும் உண்டு. அப்போது ஒடுக்கி 70 °செ-க்கு மேல் ஏற வேண்டும். அதற்கேற்ப அழுத்தம் உயர்கிறது, அமுக்கியின் வேலை கூடுகிறது, குளிர்ச்சித் திறன் குறைகிறது. அதாவது, குளிர்ச்சி மிகுதியாகத் தேவைப்படும் வேளையில்தான் கருவியின் திறன் மிகக் குறைவாக இருக்கிறது.

அழுத்தமும் வெப்பநிலையும்

பழுதறிதலின் அடிப்படை, குளிர்பதனப் பொருளின் அழுத்தத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள மாறாத தொடர்பாகும். முன்னர் பயன்பட்ட ஆர்-12, ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987-ஆம் ஆண்டின் மொண்ட்ரியால் நெறிமுறையின் கீழ் விலக்கப்பட்டது. அதனிடத்தில் வந்த ஆர்-134ஏ இந்தியச் சாலைகளில் ஓடும் தானுந்துகளில் மிகப் பரவலாக உள்ளது. நீர்மமும் ஆவியும் சேர்ந்திருக்கும் நிலையில், அழுத்தமானியில் இதன் அளவு ஏறத்தாழ பின்வருமாறு இருக்கும் (பி.எஸ்.ஐ அலகில்):

0 °செ – 28
10 °செ – 45
30 °செ – 97
35 °செ – 114
40 °செ – 133
60 °செ – 229
75 °செ – 328

இப்பட்டியலிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, பொறி நின்றிருக்கும்போது காட்டும் அழுத்தம் குளிர்பதனப் பொருளின் அளவைச் சொல்லாது. மர நிழலில் 35 °செ-இல் சில மணி நேரம் நின்ற வண்டியில் இரு அழுத்தமானிகளும் 114-ஐ ஒட்டிக் காட்டினால், உள்ளே சிறிதேனும் நீர்மம் இருக்கிறது என்பது மட்டுமே உறுதி. அது 150 கிராமா 450 கிராமா என்பது அதிலிருந்து தெரியாது. சமையல் எரிவளி உருளையில் அழுத்தம் கடைசி வரை ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதும் இதே காரணத்தால்தான். நின்ற நிலை அழுத்தத்தைப் பார்த்து "கேஸ் சரியாக இருக்கிறது" என்றோ "பாதிதான் இருக்கிறது" என்றோ சொல்வது பிழை.

இரண்டாவது, நின்ற நிலை அழுத்தம் பட்டியலை விடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் உள்ளே காற்றோ வேறு வளிமமோ கலந்துள்ளது என்று பொருள். 35 °செ-இல் 114-க்குப் பதிலாக 135 காட்டும் வண்டியில் எவ்வளவு நிரப்பினாலும் பயனில்லை. முழுவதையும் மீட்டெடுத்து, வெற்றிடமாக்கி, எடை போட்டு மீண்டும் நிரப்ப வேண்டும். பட்டியலை விடக் குறைவாக இருந்தால் நீர்மமே இல்லை, பெருங்கசிவு உள்ளது. இச்சோதனைக்கு இரு அழுத்தமானிகளும் ஒரு வெப்பமானியும் போதும். வெயிலில் நின்ற வண்டியில் இதைச் செய்யக்கூடாது. வண்டியின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு வெப்பநிலையில் இருக்கும் என்பதால் பட்டியலோடு ஒப்பிடவே இயலாது.

முதலில் கேட்க வேண்டிய வினா

அழுத்தமானியைப் பொருத்துவதற்கு முன், குளிர்ச்சி எப்போது குறைகிறது என்று கேட்டறிவது நேரத்தை மிச்சப்படுத்தும். நெடுஞ்சாலையில் நன்கு குளிர்ந்து, சேலம் ஐந்து ரோடு போன்ற சந்திப்பு நெரிசலில் நின்றதும் வெப்பக் காற்று வருகிறது என்றால், ஐயம் முதலில் ஒடுக்கியின் காற்றோட்டத்தின் மேல்தான் விழ வேண்டும். ஓடும்போது எதிர்காற்று ஒடுக்கியைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலை முழுவதும் விசிறியுடையது. தேய்ந்த அமுக்கியும் குறைந்த சுழற்சியில் இதே அறிகுறியைத் தரக்கூடும் என்றாலும், விசிறியைப் பார்ப்பது எளிது, செலவற்றது.

காலையிலும் இரவிலும் குளிர்ந்து நண்பகலில் மட்டும் போதாமல் இருந்தால், திறன் எல்லையில் இயங்கும் கருவி என்று கொள்ளலாம். சிறிதளவு கசிவு, அழுக்கு, கிளட்ச் இடைவெளி ஆகிய மூன்றும் இவ்வாறு காட்டும். ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்ந்தபின் காற்றின் வேகம் படிப்படியாகக் குறைந்து, சற்று நேரம் அணைத்து வைத்தபின் மீண்டும் சரியானால், ஆவியாக்கியில் பனி கட்டுகிறது. அதன் வெப்ப உணரி பழுதாகி அமுக்கியை நிறுத்தத் தவறியிருக்கலாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை குளிரும் வெப்பமும் மாறி மாறி வந்தால், உள்ளே புகுந்த ஈரம் விரிவு வால்வின் துளையில் உறைந்து உருகுவதாக இருக்கலாம். தொடக்கம் முதலே காற்று மெலிதாக வந்தால், பெரும்பாலும் உள்ளறைக் காற்று வடிகட்டியில் புழுதி அடைந்துள்ளது. இதற்கு அழுத்தமானியே தேவையில்லை.

பழுதே இல்லாத வண்டிகளும் பட்டறைக்கு வருகின்றன. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற தானுந்தின் உள்ளறை, வெளிக்காற்றை விட 20 °செ அல்லது அதற்கு மேலும் சூடேறும்; முகப்புப் பலகை இன்னும் கூடுதலாகச் சூடேறும். இருக்கை, கதவு, கூரை ஆகியவை தேக்கி வைத்த வெப்பம் முழுவதையும் வெளியேற்றிய பின்னரே உள்ளறை குளிரும். எனவே பொறியைத் தொடங்கிய ஐந்தாம் நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கண்ணாடிகளை இறக்கி ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டி அனலை வெளியேற்றி, பின் மூடி, வெளிக்காற்றை நிறுத்தி உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்ற வேண்டும். வெளிக்காற்று நிலையிலேயே வைத்திருந்தால், 40 °செ காற்று தொடர்ந்து உள்ளே வந்து, குளிர்பதனி ஒருபோதும் ஈடுகட்ட முடியாத சுமையாகிவிடும். பழுது என்று கொண்டுவரப்பட்ட வண்டியில் இந்த மாற்றுப் பொத்தான் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதே முதல் சோதனையாக இருக்கலாம்.

வண்டியின் அடியில் நீர் சொட்டுவதைக் குளிர்பதனி நன்றாக இயங்குவதன் அடையாளமாகக் கொள்வதும் வழக்கம். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது ஓரளவு பொருந்தும். உள்நாட்டின் வறண்ட பிற்பகலில், உள்காற்றுச் சுழற்சியில், நல்ல குளிர்பதனியும் குறைவாகவே சொட்டும். அதற்கு மாறாக, நீர் வண்டிக்குள்ளேயே காலடியில் வழிந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

ஒடுக்கியும் விசிறியும்

சமவெளிக் கோடையில் முதன்மையாக ஆராய வேண்டிய பகுதி ஒடுக்கி ஆகும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் தூய்மையாகத் தெரியும் ஒடுக்கிக்கும் அதன் பின்னுள்ள ரேடியேட்டருக்கும் இடைப்பட்ட சிறு இடுக்கில் புழுதியும் பூச்சிகளும் சருகும் கம்பளம் போல் படிந்திருக்கும். விளக்கொளியைப் பின்னாலிருந்து பாய்ச்சிப் பார்த்தால் இது தெரியவரும். கழுவும்போது குறைந்த அழுத்தத்தில், இயன்றவரை பின்புறமிருந்து முன்புறமாக நீர் பாய்ச்ச வேண்டும். உயர் அழுத்த நீர் மெல்லிய அலுமினியச் செதில்களை மடித்துக் காற்றோட்டத்தை நிலையாகக் கெடுத்துவிடும்.

விசிறி சுழல்கிறதா என்று பார்ப்பது போதாது; போதிய வேகத்தில் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். கார்பன் துரிகைகள் தேய்ந்த மின்னோடி, பார்வைக்குச் சுழன்றுகொண்டே பாதிக் காற்றைத்தான் இழுக்கும். குளிர்பதனி இயங்கும்போது ஒடுக்கியின் முன் ஒரு தாளைப் பிடித்தால், அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பல வண்டிகளில் விசிறிக்கு இரு வேகங்கள் உண்டு. குறைந்த வேகத்துக்கான மின்தடையம் எரிந்துபோனால், அழுத்தமோ பொறியின் வெப்பமோ மிகுந்து உயர் வேகம் தூண்டப்படும் வரை விசிறி நின்றே இருக்கும். கையை அருகில் கொண்டு செல்வதற்கு முன் பொறியை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். விசிறி எவ்வித முன்னறிவிப்பும் இன்றிச் சுழலத் தொடங்கும்.

அடிக்கடி கவனத்துக்குத் தப்பும் ஒரு காரணம், ஒடுக்கியைச் சுற்றியுள்ள நெகிழித் தடுப்புகளும் நுரைப்பட்டைகளும் காணாமற்போவது. முகப்பில் மோதிப் பழுதுபார்த்த வண்டிகளில் இவை மீண்டும் பொருத்தப்படாமல் விடப்படுவதுண்டு. அப்போது, வண்டி நிற்கையில் ரேடியேட்டரைக் கடந்த அனற்காற்று பக்கவாட்டில் சுற்றி வந்து மீண்டும் ஒடுக்கிக்குள் புகும். நிழலில் உள்ள காற்றின் வெப்பநிலையையும், ஒடுக்கியின் முகத்துக்கு நேர்முன்னே உள்ள காற்றின் வெப்பநிலையையும் அளந்து ஒப்பிட்டால் இது வெளிப்படும். முகப்பில் கூடுதலாகப் பொருத்தப்படும் பூச்சி வலை, பெரிய விளக்குகள், அலங்காரத் தகடுகள் ஆகியவையும் காற்றைத் தடுப்பவையே.

காற்றோட்டக் குறைவை உறுதிப்படுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. பொறி மெதுவாக ஓடும்போது உயர் அழுத்த மானியைப் பார்த்துக்கொண்டே ஒடுக்கியின் மேல் நீரைத் தெளிக்க வேண்டும். அழுத்தம் மளமளவென இறங்கி, உள்ளறையில் காற்று உடனே குளிர்ந்தால், குறை வெப்பம் வெளியேறும் பக்கத்தில் உள்ளது. குளிர்பதனப் பொருள் குறைவாக உள்ள வண்டியில் இந்த நீர் உள்ளறையின் குளிர்ச்சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் தராது.

காற்றோட்டம் குறைந்த வண்டியில் மேலும் குளிர்பதனப் பொருளை நிரப்பினால் நிலை மோசமாகும். மிகுதியான நீர்மம் ஒடுக்கியின் அடிப்பகுதியில் தேங்கி, ஆவி ஒடுங்குவதற்கான பரப்பைச் சுருக்கும். அழுத்தம் மேலும் ஏறும். ஏறத்தாழ 450 பி.எஸ்.ஐ அளவில் பாதுகாப்பு நிலைமாற்றி அமுக்கியை நிறுத்திவிடும். ஓட்டுநருக்குத் தெரிவது "கேஸ் போட்ட பின்னும் வெயிலில் நின்று நின்று வருகிறது" என்பதே.

இரு மானிகளைச் சேர்த்து வாசித்தல்

வெளியே 35 முதல் 40 °செ இருக்கும்போது, ஓடும் பொறியில் தாழ் அழுத்தம் 30 முதல் 50, உயர் அழுத்தம் 220 முதல் 280 பி.எஸ்.ஐ வரை இருப்பது பொதுவாக இயல்பு எனலாம். வண்டிக்கு வண்டி இது மாறும்; தயாரிப்பாளரின் கையேடே இறுதியானது. 30 °செ-க்கான எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு மே மாதப் பிற்பகலில் 260-ஐக் கண்டு "அதிகம்" என வெளியேற்றுவதும் தவறே.

இரண்டும் தாழ்ந்திருந்தால் குளிர்பதனப் பொருள் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் மேற்கண்ட காற்றோட்டக் குறை, மிகை நிரப்பல், காற்றுக் கலப்பு ஆகிய மூன்றில் ஒன்று. தாழ் அழுத்தம் உயர்ந்தும் உயர் அழுத்தம் தாழ்ந்தும், அதாவது இரு முட்களும் ஒன்றையொன்று நெருங்கியும் இருந்தால், அமுக்கி உள்ளே தேய்ந்துள்ளது. தாழ் அழுத்தம் சுழியத்துக்கும் கீழே வெற்றிடப் பக்கம் இறங்கினால் விரிவு வால்விலோ உலர்த்தியிலோ அடைப்பு. மாறும் கொள்ளளவு கொண்ட அமுக்கிகள் சுமைக்கேற்பத் தம்மையே சரிசெய்துகொள்வதால், அவற்றில் இந்த வாசிப்பு அவ்வளவு தெளிவாக இராது.

இரு மானிகளும் இயல்பாகக் காட்டியும் உள்ளறையில் வெப்பக் காற்றே வந்தால், குளிர்பதனச் சுற்றில் குறை இல்லை. வெந்நீர்ச் சூடேற்றியின் கலப்புக் கதவு முழுதாக மூடவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். சூடேற்றிக்குப் போகும் வெந்நீர்க் குழாயை மெதுவாக நெருக்கிப் பிடித்தால் காற்று குளிரத் தொடங்கும். ஏற்காட்டின் குளிருக்கு அன்றி ஆண்டு முழுவதும் சூடேற்றியைத் தொடாத ஊர்களில், அதன் கம்பியோ கதவோ நகராமல் இறுகிப்போவது வியப்பன்று.

வெப்பத்தில் விடும் கிளட்ச்

காலையில் ஒழுங்காக இயங்கி, பொறி நன்கு சூடான பின் குளிர்ச்சி அறவே நின்று, மாலையில் தானே சரியாகும் வண்டிகள் உண்டு. இவற்றில் மின்காந்தக் கிளட்சைச் சோதிக்க வேண்டும். அமுக்கியின் முகப்புத் தகட்டை மின்காந்தச் சுருள் இழுத்துக் கப்பியோடு ஒட்ட வைக்கிறது. புதிய நிலையில் இரண்டுக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவே. ஆண்டுக்கணக்கில் தேய்ந்து இடைவெளி கூடும். மறுபுறம், சுருளில் உள்ள செப்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு உயர்கிறது. 25 °செ-இல் 3.6 ஓம் உள்ள சுருள் 105 °செ-இல் 4.7 ஓம் ஆகும். 12 வோல்ட்டில் மின்னோட்டம் 3.3 ஆம்பியரிலிருந்து 2.5 ஆம்பியராகக் குறையும். தேய்ந்த இடைவெளியைத் தாண்டி இழுக்க அது போதாது.

குளிர்ச்சி நின்ற அந்த நேரத்திலேயே சுருளின் இணைப்பில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். மின்சாரம் வந்தும் முகப்புத் தகடு சுழலவில்லை என்றால் குறை கிளட்சில் உள்ளது. மின்சாரமே வரவில்லை என்றால் அழுத்த நிலைமாற்றி, உணர்த்தி, உருகி என மின்சுற்றைப் பின்தொடர வேண்டும். இடைவெளியைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் மெல்லிய வளையத் தகடு ஒன்றை நீக்குவதே பல அமுக்கிகளில் போதுமானது. இதற்காக முழு அமுக்கியையும் மாற்றுவது வீண் செலவு.

கசிவும் நிரப்பலும்

குளிர்பதனச் சுற்று மூடிய சுற்று. அதில் உள்ள பொருள் எரிபொருள் போல் செலவாவதில்லை. அச்சு முத்திரை, ரப்பர்க் குழாய் வழியாக ஆண்டுக்குச் சில கிராம் கசிவது இயல்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு ஆணை, ஓர் ஆவியாக்கி கொண்ட வண்டிக்கு ஆண்டுக்கு 40 கிராமையே உச்ச வரம்பாக வைத்தது. ஆகவே ஒவ்வொரு கோடையிலும் நிரப்ப வேண்டியுள்ள வண்டியில் கண்டுபிடிக்கப்படாத கசிவு ஒன்று இருக்கிறது. இணைப்புகளில் எண்ணெய்க் கறை, சோப்பு நுரை, புறஊதா ஒளியில் ஒளிரும் சாயம், நைட்ரசன் அழுத்தச் சோதனை என அதைத் தேடப் பல வழிகள் உள்ளன. நிரப்பும் முனைகளின் சிறு ஊசி வால்வுகளே கசிவதும், அவற்றின் மூடிகள் தொலைந்திருப்பதும் சாதாரணம்.

கசிவை அடைத்தபின் சுற்றை வெற்றிடமாக்க வேண்டும். உள்ளிருக்கும் ஈரம் குறைந்த அழுத்தத்தில் கொதித்து வெளியேறுவதற்காகவே இது. 40 °செ-இல் நீர் ஏறத்தாழ 74 மில்லிபார் அழுத்தத்திலேயே கொதிக்கும். சமவெளிக் கோடை பட்டறைக்குச் செய்யும் ஒரே உதவி இது எனலாம். பின் பொறி மூடியின் கீழுள்ள ஒட்டுத்தாளில் குறித்துள்ள எடையை, தராசில் வைத்து நிரப்ப வேண்டும். சிறிய தானுந்துகளில் மொத்த அளவு அரைக் கிலோகிராமை ஒட்டியே இருப்பதால், 100 கிராம் பிழையும் பெரும் பிழையாகும். அழுத்தத்தை மட்டும் பார்த்து நிரப்பும் வழக்கம் மிகை நிரப்பலுக்கே பெரும்பாலும் இட்டுச்செல்கிறது.

விலை மலிவு கருதிச் சமையல் எரிவளியோ அதையொத்த கலவையோ நிரப்பப்படுவது பேராபத்தானது. ஆவியாக்கியில் கசிந்தால் எரியும் வளிமம் மூடிய உள்ளறையில் சேரும். போலிக் குளிர்பதனப் பொருள்களும் உள்ளன. மெத்தில் குளோரைடு கலந்த போலிப் பொருள் அலுமினியத்தோடு வினைபுரிந்ததால், 2011-இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்பதனச் சரக்குப் பெட்டகங்கள் வெடித்து உயிரிழப்பு நேர்ந்தது. தானுந்தின் ஆவியாக்கியும் ஒடுக்கியும் அலுமினியமே.

வெளியேற்றப்படும் ஆர்-134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆனால் அதன் புவிசூடாக்கத் திறன் கார்பன் டைஆக்சைடைப் போல் 1430 மடங்கு என்று கணக்கிடப்பட்டுள்ளது. அரைக் கிலோகிராமைக் காற்றில் திறந்துவிடுவது, ஏறத்தாழ 310 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு ஒப்பாகும். இப்பொருள்களைக் குறைப்பதற்கான கிகாலித் திருத்தம் 2016-இல் ஏற்கப்பட்டது; இந்தியா அதற்கு 2021-இல் ஒப்புதல் அளித்தது. ஐரோப்பாவில் 2017 முதல் புதிய தானுந்துகளில் ஆர்-134ஏ அனுமதிக்கப்படுவதில்லை. அங்கு பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப் பயன்படுகிறது. அதன் அழுத்தங்கள் சற்று வேறுபடுவதால் மேலே தந்த பட்டியல் அதற்குப் பொருந்தாது.

மலைப்பாதையும் சரக்குந்தும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும், தருமபுரி நோக்கித் தொப்பூர் கணவாயில் ஏறும் நெடிய ஏற்றத்திலும், பொறி முழு விசையோடு உழைக்கும். வண்டியின் வேகமோ மிகக் குறைவு. ஒடுக்கி கொட்டும் வெப்பமும் ரேடியேட்டர் கொட்ட வேண்டிய வெப்பமும் ஒரே காற்றோட்டத்தில் சேர்கின்றன. பொறியின் வெப்பநிலை வரம்பைக் கடந்தால் பல வண்டிகளில் கட்டுப்பாட்டகம் அமுக்கியைத் தானே துண்டித்துவிடும். இது குளிர்பதனியின் பழுதன்று. ரேடியேட்டரையும் குளிர்நீர் அளவையும்தான் பார்க்க வேண்டும். ஏற்றம் முடிந்து சமதளத்தில் ஓடியதும் குளிர்ச்சி திரும்பினால் இவ்வாறே கொள்ளலாம்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் சரக்குந்துகளுக்கும் அவற்றின் கூடு கட்டும் பட்டறைகளுக்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்கும் பெயர் பெற்றவை. பொறியின் அனலுக்கு அருகே அமர்ந்து 40 °செ வெயிலில் ஓட்டும் ஓட்டுநருக்குக் குளிர்பதனி ஆடம்பரமாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 திசம்பரில் வெளியிட்ட அறிவிக்கை, 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் என்2, என்3 வகைச் சரக்குந்துகளின், அதாவது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்டவற்றின், ஓட்டுநர் அறையில் குளிர்பதனி இருப்பதைக் கட்டாயமாக்கியது. பழுதறியும் கோட்பாடு இவற்றுக்கும் அதுவேதான். எனினும் ஓட்டுநர் அறையின் தரையிலும் பொறித் தடுப்புச் சுவரிலும் உள்ள துளைகள், கிழிந்த ரப்பர் உறைகள், வெப்பக் காப்புக் குறை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அனற்காற்று புகும் அறையில் இரு மானிகளும் சரியாகக் காட்டியும் குளிர் தங்காது.

பாதுகாப்பு

ஆர்-134ஏ வளிமண்டல அழுத்தத்தில் −26 °செ-இல் கொதிப்பதால், தெறிக்கும் நீர்மம் கண்ணையும் தோலையும் உறையச் செய்யும். கண்ணாடியும் கையுறையும் அணியாமல் இணைப்புகளைத் திறக்கக் கூடாது. பொறி ஓடும்போது உயர் அழுத்தப் பக்கத்தில் சிறு குப்பியை இணைத்தால் அது வெடிக்கக்கூடும். அமுக்கியிலிருந்து ஒடுக்கிக்குச் செல்லும் குழாய் தொட்டால் சுடும் அளவுக்கு வெப்பமானது.

குளிர்பதனியை நம்பிக் குழந்தைகளையோ முதியோரையோ நின்ற வண்டியில் விட்டுச் செல்வது உயிருக்கு ஆபத்தானது. மேலே கூறியபடி உயர் அழுத்தத்திலோ பொறியின் மிகை வெப்பத்திலோ அமுக்கி தானாக நின்றுவிடலாம். ஊதி மட்டும் தொடர்ந்து இயங்கும். மூடிய உள்ளறையின் வெப்பநிலை முதல் பத்து நிமிடங்களிலேயே வேகமாக ஏறிவிடும்.